ஜனவரியில் கறுக்கும் ஃபிளைட்ராப்

நுவரெலியாவில் தைப்பொங்கல் முடிந்த கையோடு, இலைநுனிப் பொறியால் பூச்சி பிடித்துத் தின்கிற வீனஸ் ஃபிளைட்ராப் செடியை வளர்க்கிற ஆட்கள் ஒரே கேள்வியோடு வருவார்கள். மாதக்கணக்காக நன்றாக இருந்த செடி, இப்போது பொறியெல்லாம் ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வருகிறது, புதிதாக வரும் இலைகள் குட்டையாக மண்ணோடு ஒட்டிக் கிடக்கின்றன, உள்ளே குச்சியால் தொட்டாலும் பொறி மூடுவதில்லை. தண்ணீர் போதவில்லையா, உரம் ஏதாவது போடவா, வீட்டுக்குள் எடுத்து வைக்கட்டுமா?

மூன்றும் வேண்டாம். செடி தூங்கப் போகிறது, எழுப்பாமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், என் முதல் செடி நான் எழுப்பியதால்தான் செத்தது. விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடந்த ஒரு ஜனவரி வாரத்தில், குளிர் தாங்காதே என்று சட்டியைத் தூக்கிவந்து அடுப்படி ஜன்னலில், விறகடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். ஈ பிடித்து ஊட்டினேன். சூட்டுக்கு அது ஒரு மாதம் புது இலை விட்டது, பிழைத்துக்கொண்டது என்று எனக்கும் சந்தோஷம். ஆனால் அந்த இலைகள் மெலிந்து, நீண்டு, வெளிறிப்போய் இருந்தன. சித்திரை வருஷப்பிறப்புக்கு முன்னமே நடுப்பகுதி கொழகொழவென்று ஆகி, தொட்டதும் கழன்று வந்துவிட்டது. தோண்டிப் பார்த்தால் அடியில் வெறும் சக்கை.

அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலைத் தோட்டத்தில் பல வருஷம் கவ்வாத்து வெட்டியவர். "கீழ மா இல்லையேடா, பெறகு எங்கருந்து துளிர்க்கும்?" என்றார். மா என்று அவர் சொன்னது, செடி தனக்குள் சேமித்து வைக்கிற மாப்பொருளை. இந்தச் செடியைப் பற்றி நான் அதுவரை வாசித்த எதையும்விட அந்த ஒரு கேள்வி எனக்கு அதிகம் விளங்க வைத்தது, அதனால் அதை வைத்தே இதை விளக்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

உறங்குநிலை என்ற சொல் நமக்குப் புதிதல்ல, வித்துக்களின் உறங்குநிலை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உயிர் இருக்கும், வளர்ச்சி இருக்காது, சரியான காலம் வரும்வரை உள்ளே எல்லாம் மிக மெதுவாக நடந்துகொண்டிருக்கும். வித்து செய்வதையே வளர்ந்த செடியும் செய்யலாம். வெலிமடைப் பக்கம் பேரி மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நிற்பதைப் பார்த்திருந்தால், அதுவும் இதே காரியம்தான். ஃபிளைட்ராப்பில் வித்தியாசம் என்னவென்றால், அதற்கு மரம் மாதிரித் தண்டு கிடையாது, மண்ணுக்குள் வெள்ளையாக, சின்ன வெங்காயம் மாதிரி ஒரு வேர்த்தண்டுக்கிழங்கு மட்டும் இருக்கிறது. மேலே தெரிகிற பொறிகளைத்தான் நாம் செடி என்று நினைக்கிறோம். உண்மையில் செடி என்பது அந்தக் கிழங்கு. பொறிகள் வரும், போகும்.

இந்தச் செடி இயற்கையாக வளர்வது உலகத்தில் ஒரே ஒரு பகுதியில், அமெரிக்காவின் வட கரோலினாவிலும் தென் கரோலினாவிலும் கடலோரமாக உள்ள சமதரையில். வில்மிங்டன் என்ற நகரத்தைச் சுற்றித்தான் அதிகம். கடலோரம் என்றதும் நம் மனதுக்கு மட்டக்களப்பும் காலியும் வருவதால், வெயில் செடி, சூட்டுச் செடி என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அந்த இடம் இருப்பது வடக்கே 34 பாகை அகலாங்கில். அங்கே ஜனவரியில் இரவு சுமார் 2, 3 பாகை செல்சியசுக்கு இறங்கும், சில இரவுகளில் தண்ணீரே உறையும், பகலிலும் 13, 14 பாகைதான். கோடையிலோ 30ஐத் தாண்டிப் புழுங்கும். இப்படி இரண்டு முனைக்கும் பழகிய செடி இது.

அந்தக் குளிரில் அதன் வரவு செலவைப் பாருங்கள். பகல் குறுகிவிட்டது, வெயில் சாய்ந்துவிட்டது, பூச்சிகள் அருகிவிட்டன. இலையை வைத்துக்கொண்டிருந்தால் அதற்கும் சுவாசம் இருக்கிறது, அதைக் காப்பாற்றவும் செலவு இருக்கிறது, உறைபனி விழுந்தால் எப்படியும் பெரிய பொறிகள் கருகத்தான் போகின்றன. ஆகவே செடி கடையை மூடுகிறது. இலையில் உள்ளதை முடிந்தவரை கிழங்குக்கு இறக்கிவிட்டு, பெரிய பொறிகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகிறது. அந்த இடத்தில் சின்னஞ்சிறு இலைகளை மட்டும் மண்ணை ஒட்டி வைத்துக்கொள்கிறது. கோடை முழுக்கச் சேர்த்த மாப்பொருளை வைத்து மூன்று நான்கு மாதத்தைத் தள்ளிவிட்டு, வசந்தத்தில் முதல் இலைகளையும் பூத்தண்டையும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் விடுகிறது.

இங்கேதான் குளிரின் வேலை இருக்கிறது, நிறையப் பேர் தவறாக விளங்கிக்கொள்வதும் இதைத்தான். குளிர் என்பது செடி பொறுத்துக்கொள்ள வேண்டிய கஷ்டம் என்று நினைக்கிறோம். ஆனால் தூங்குகிற செடிக்குக் குளிர்தான் காவல். எந்தச் செடியும் இரவு பகலாகச் சுவாசிக்கிறது, சுவாசிக்கும்போது சேமித்த மா எரிகிறது, வெப்பம் 10 பாகை குறைந்தால் அந்த எரிப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். 4 பாகையில் கிடக்கும் கிழங்கு மிகக் கொஞ்சமாகச் செலவழிக்கிறது. அதே கிழங்கு 24 பாகையில் கிடந்தால் நாலு மடங்கு எரிக்கிறது, அதோடு புது இலை வேறு விடப் பார்க்கிறது, அந்த இலைக்குப் போதுமான வெளிச்சமும் வீட்டுக்குள் இல்லை. என் அடுப்படி ஜன்னலில் நடந்தது இதுதான். ஒரு மாதம் நான் பார்த்துச் சந்தோஷப்பட்ட அந்த இலைகள், கிழங்கில் இருந்த கடைசி மாவைத் தின்றுதான் வந்தன.

தேயிலையோடு புழங்கியவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மேல்நாட்டுத் தோட்டங்களில் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது செடி வெறும் குச்சியாக நிற்கும், ஒரு இலை இருக்காது. ஒளித்தொகுப்பே கிடையாது. அப்புறம் எப்படித் துளிர்க்கிறது? வேரில் இருக்கிற மாவில்தான். அதனால்தான் வெட்டுவதற்கு முன் பென்சில் கனத்தில் ஒரு வேரை வெட்டி, வெட்டுமுகத்தில் அயடீன் தடவிப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. நீலக்கறுப்பாக மாறினால் மா இருக்கிறது, வெட்டலாம். நிறம் மாறாவிட்டால் கொஞ்ச காலம் கொழுந்து பறிக்காமல் செடியை ஆறப்போட வேண்டும். குளிர்ந்த மேல்மலைகளில் வேரில் மா நன்றாகச் சேரும், வெப்பமான கீழ்நாட்டில் குறைவாகத்தான் சேரும். அதனால்தான் கீழ்நாட்டில் முழுக்க மொட்டையடிக்காமல் ஒன்றிரண்டு கிளையை விட்டு வெட்டுகிறார்கள். சூட்டில் செடி நிறைய எரிக்கிறது, குளிரில் நிறையச் சேர்க்கிறது. தேயிலை வேறு குடும்பம், வேறு கண்டம். ஆனாலும் மாக்கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அப்படியென்றால் தூங்கவிடாமல் வளர்த்தால் உடனே செத்துவிடுமா? இல்லை. அதனால்தான் ஏமாந்து போகிறோம். முதல் வருஷம் ஒன்றும் ஆகாது, இரண்டாவது வருஷம் பொறிகள் சின்னதாகும், அப்புறம் ஒரு கட்டத்தில் காரணமே தெரியாமல் அழுகிப் போகும், நாமும் தண்ணீரையும் மண்ணையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம். கொழும்பில் வாங்கிய செடி இரண்டு வருஷம் நன்றாகத்தானே இருந்தது என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, மூன்றாவது வருஷம் என்ன ஆனது என்பதைத்தான்.

சரி, செடிக்குக் குளிர்காலம் வருகிறது என்று எப்படித் தெரிகிறது? வெப்பம் குறைவதும், பகல் குறுகுவதும். இந்த இரண்டாவது சங்கதியில்தான் நம் மலையகத்துக்கு ஒரு சிக்கல். வில்மிங்டனில் கோடையில் மிக நீண்ட பகல் 14 மணித்தியாலம் 25 நிமிடம் வரை போகும், டிசெம்பரில் 10 மணித்தியாலத்துக்கும் கொஞ்சம் குறைவாகிவிடும். நாலரை மணித்தியால வித்தியாசம், எந்தச் செடிக்கும் புரியும். நாம் இருப்பதோ 7 பாகை அகலாங்கில். நுவரெலியாவில் ஜூனில் 12 மணித்தியாலம் 30 நிமிடம், டிசெம்பரில் 11 மணித்தியாலம் 43 நிமிடம் என்ற அளவு. வருஷம் முழுக்க முக்கால் மணித்தியாலம்தான் அசைகிறது. எவ்வளவு குளிரடித்தாலும், பகலை அளந்து பார்க்கிற செடிக்கு நம் ஊர் மார்கழி ஒரு செப்டெம்பர் மாதிரித்தான் தெரியும்.

வெப்பத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். நுவரெலியா நகரம் 1,868 மீட்டரில் இருக்கிறது. ஜனவரி இரவுகள் சராசரியாக 9, 10 பாகை, வானம் தெளிந்த சில இரவுகளில் தரையில் உறைபனி படியும் அளவுக்கு இறங்கும், பள்ளத்தில் உள்ள தேயிலை கருகும், உருளைக்கிழங்குப் பாத்தி கருகும். இரவு அருமையாக இருக்கிறது. ஆனால் பத்து மணிக்கு மூடுபனி விலகி வெயில் ஏறினால் 20 பாகை வந்துவிடுகிறது. ஆக, நம் செடி இரவில் தூங்கப் போய், நடுப்பகலில் எழுந்து, மறுபடி தூங்கப் போய், மூன்று மாதமும் அரைத்தூக்கத்தில்தான் கிடக்கிறது. ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல், இருந்தாலும் முழுத் தூக்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னும் கீழே இறங்கினால் கணக்கு வேகமாக மாறும். ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய ஆறரைப் பாகை ஏறும். ஹட்டன் 1,270 மீட்டர், பண்டாரவளை 1,230 மீட்டர், அங்கே நுவரெலியாவைவிட நாலு பாகை சூடு என்று வைத்துக்கொள்ளலாம். 500 மீட்டரில் உள்ள கண்டியில் ஒன்பது பாகை. கண்டிக்காரருக்கு மார்கழி குளிரும், ஃபிளைட்ராப்புக்கு அது கோடை.

எனவே என் முடிவு இது. நுவரெலியா, நானுஓயா, கந்தப்பளை உயரத்தில் இருப்பவர்கள் வெளியிலேயே வைத்து, கொஞ்சம் உதவி செய்து தூங்க வைக்கலாம். அப்புத்தளை, ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை உயரத்தில் நவம்பர், டிசெம்பரில் வெளியில் வைத்து மந்தமாக்கிவிட்டு, ஜனவரியிலிருந்து பிரிட்ஜில் வைப்பதுதான் நம்பிக்கையான வழி. அதற்குக் கீழே பிரிட்ஜ் இல்லாமல் இந்தச் செடியை நீண்ட காலம் வைத்திருக்கலாம் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை, அவர்களுக்கு வேறு நல்ல செடிகள் இருக்கின்றன, பின்னால் சொல்கிறேன்.

முதலில் வெளியில் தூங்க வைப்பது. தீபாவளிக்குப் பிறகு ஊட்டுவதை நிறுத்திவிடுங்கள். மந்தமான பொறியால் பூச்சியைச் செரிக்க முடியாது, அது உள்ளேயே அழுகிக் கிழங்குவரை இறங்கும். தட்டில் தண்ணீர் கட்டி வைத்திருந்தால் அதைக் குறைத்து, மண் ஈரமாக மட்டும் இருக்கும்படி விடுங்கள், காயவே கூடாது. மழைத் தண்ணீர்தான் எப்போதும், அது நமக்குக் குறைவில்லாமல் கிடைக்கிறது. இடம் முக்கியம். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில்தான் தேங்கும், தேயிலை பள்ளத்தில் கருகி மேட்டில் தப்புவது அதனால்தான். ஆகவே முற்றத்தில் தாழ்ந்த, திறந்த மூலையில் சட்டியை வையுங்கள். இன்னொன்று, டிசெம்பர், ஜனவரியில் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து போகிறது, உச்சியிலும் 60 பாகை உயரம்தான், எனவே இரண்டரை மீட்டர் சுவருக்கு வடக்கே ஒன்றரை மீட்டர் அளவுக்கு நடுப்பகல் நிழல் விழும். அந்த வடக்குப் பக்க நிழலில் வைத்தால் அந்த 20 பாகை வெயிலிலிருந்து தப்பிக்கும், வானத்து வெளிச்சமும் கிடைக்கும்.

பகலைக் குறுக்க நான் செய்வது ரொம்பச் சாதாரண வேலை. பின்னேரம் நாலு மணிக்கு ஒரு கறுப்பு வாளியைச் சட்டிமேல் கவிழ்த்துவிடுவேன், பொழுது போன பிறகு, காற்றுப் படட்டும் என்று எடுத்துவிடுவேன். காலை ஆறேகாலுக்கு விடிகிறது, ஆக ஒன்பதே முக்கால் மணித்தியாலப் பகல்தான் செடிக்குத் தெரியும். வாளி வைக்க ஆரம்பித்த வருஷத்திலிருந்து என் செடிகள் முன்னைவிட ஒழுங்காக அடங்குகின்றன. உறைபனி விழுமே என்று பயந்து இரவில் மூடி வைக்காதீர்கள். நம் ஊரில் உறைபனி விடியற்காலைச் சில மணித்தியாலம்தான், சட்டி முழுக்க உறைந்து நாட்கணக்கில் கல்லாகக் கிடக்கிற நிலை இங்கே வராது. ஓரிரு இலை கருகும், கிழங்குக்கு ஒன்றும் ஆகாது.

பயப்பட வேண்டியது பூஞ்சணத்துக்கு. நம் மூடுபனியும் வடகீழ்ப் பருவமழையும் சேர்ந்தால் காற்றில் ஈரம் வற்றுவதே இல்லை, செத்த இலைமேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஒன்று படரும், அது உயிருள்ள நடுப்பகுதிக்குப் போனால் ஒரே வாரத்தில் கதை முடிந்துவிடும். முழுக்கக் கறுத்த இலைகளை வாரத்துக்கு ஒருமுறை வெட்டி எடுங்கள். பாதி பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள், அந்தப் பச்சையில் இருப்பதைக் கிழங்கு இன்னும் இறக்கிக்கொண்டிருக்கிறது. மருந்து அடிப்பதானால் கந்தகம் சேர்ந்தது நல்லது. தேயிலைக் கொப்புள நோய்க்கு அடிக்கிற செம்பு மருந்து பல வீடுகளில் மிச்சம் இருக்கும், அதை இந்தச் செடிக்கு எடுக்காதீர்கள். செம்பு இதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

இப்போது பிரிட்ஜ். செடியைச் சட்டியிலிருந்து எடுத்து, வேரில் உள்ள மண்ணை மழைத் தண்ணீரில் மெதுவாகக் கழுவி, பெரிய பொறிகளையும் கறுத்தவற்றையும் கத்தரித்து, நடுவில் உள்ள குட்டி இலைகளை மட்டும் விடுங்கள். கந்தக மருந்துத் தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுங்கள். ஸ்பெக்னம் பாசியை நனைத்து, சொட்டுத் தண்ணீர் வராதபடி பிழிந்து, கிழங்கையும் வேரையும் அதில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு மூடுங்கள். பெயரையும் திகதியையும் பைமேல் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் யாராவது கீரை என்று எடுத்துவிடுவார்கள். மரக்கறி வைக்கிற கீழ்த்தட்டில் 3 முதல் 5 பாகை இருக்கும், அங்கேதான் இடம். பின்சுவரை ஒட்டி வைத்தால் உறைந்துவிடும். பழுத்த வாழைப்பழம், ஆப்பிள் பக்கத்திலும் வேண்டாம், பழம் விடுகிற எதிலீன் வாயு செடிக்கு ஆகாது. வெளிச்சம் தேவையில்லை. 4 பாகையில் எரிப்பு அவ்வளவு குறைவு, இருட்டிலேயே பத்துப் பன்னிரண்டு வாரம் கிடக்கும்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பாசி காய்ந்திருந்தால் இரண்டு சொட்டுத் தண்ணீர், பூஞ்சணம் தெரிந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதுப் பாசி. 2022 மார்ச்சில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 10 மணித்தியாலத்தையும் தாண்டிய நாட்களில் எனக்குப் பெரிய கவலை, பிரிட்ஜ் சூடாகிச் செடியெல்லாம் விழித்துவிடுமோ என்று. இரவில் பைகளை வெளியே எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்து, கரண்ட் வந்ததும் உள்ளே வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. சில மணித்தியால ஏற்ற இறக்கத்தை இது தாங்கும், வாரக்கணக்கில் சூட்டில் கிடப்பதைத்தான் தாங்காது.

செத்ததா தூங்குகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். மண்ணைக் கொஞ்சம் விலக்கிக் கிழங்கை விரலால் மெதுவாக அழுத்துங்கள். கெட்டியாக, வெள்ளையாக அல்லது இளஞ்சிவப்பாக இருந்தால் உயிர் இருக்கிறது, மேலே ஒரு இலைகூட இல்லாவிட்டாலும் சரி. பழுப்பாக, மெத்தென்று, நாற்றமாக இருந்தால் இல்லை. கொஞ்சம் மெத்தென்று, கொஞ்சம் கெட்டி என்றால் கெட்ட பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டி எறிந்துவிட்டு நல்ல பகுதியை வையுங்கள், அதிலிருந்தே வரும். இதைத் தெரியாமல் எத்தனை உயிருள்ள செடிகள் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைக்கும்போது உண்மையிலேயே மனம் வலிக்கிறது.

ஃபிளைட்ராப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், பூச்சி தின்கிற மற்றச் செடிகளையும் சொல்ல வேண்டும். நீளக் குழல் மாதிரி நிற்கிற சரசீனியாவும் வட அமெரிக்கச் செடிதான், அதற்கும் இதே தூக்கம், இதே மூன்று நான்கு மாதம். அதில் ஒரு இனம், சரசீனியா பர்ப்யூரியா, கனடாவின் பனிவரை போகிறது, நியூஃபவுண்ட்லாந்தின் அடையாளப் பூவே அதுதான். அது குளிரில் குழல்களைக் கைவிடாமல் சிவப்பாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், சரசீனியா ஃபிளாவா குழலே இல்லாத தட்டையான, வாள் மாதிரி இலைகளை விடும். வாள் இலை வந்தால் நோய் என்று நினைக்க வேண்டாம். இலையில் உள்ள பசைத்துளியால் பூச்சி பிடிக்கிறவை டிரோசெராக்கள். அவற்றில் வடக்கு நாட்டு இனங்கள், உதாரணமாக ரொட்டண்டிஃபோலியா, ஃபிலிஃபார்மிஸ் எல்லாம் பசை இலைகளை முழுக்க விட்டுவிட்டு, இறுக்கிச் சுருட்டிய ஒரு மொட்டாக மாறிவிடும், தரையில் ஒரு பட்டாணி அளவுக்கு இருக்கும். முதன்முதலில் பார்க்கிறவர் செடியைக் காணோம் என்றுதான் தேடுவார்.

இதற்கு நேர்மாறாக, தென்னாபிரிக்காவின் டிரோசெரா கேப்பென்சிஸ், அவுஸ்திரேலியாவின் அடெலே மாதிரியானவற்றுக்கு இந்தத் தூக்கம் தேவையில்லை. குடுவைச் செடியான நெபந்தஸ் எதையும் பிரிட்ஜில் வைத்துவிடாதீர்கள், அது நம் பக்கத்துச் செடி. நெபந்தஸ் டிஸ்டிலட்டோரியா இலங்கையைத் தவிர வேறெங்கும் இயற்கையாக இல்லை, சிங்களத்தில் பாந்துரா என்பார்கள், சிங்கராஜ போன்ற ஈரவலயக் காடுகளில் வருஷம் முழுக்க வளர்கிறது, அதற்குக் குளிர்காலம் என்ற ஒன்று தெரியவே தெரியாது. கண்டியிலும் அதற்குக் கீழேயும் இருப்பவர்களுக்கு நான் சொல்வது கேப்பென்சிஸும், நாற்றுமேடைகளில் கிடைக்கிற கலப்பு நெபந்தஸும்தான்.

நம் மலையிலேயே தூங்குகிற ஒரு பூச்சியுண்ணி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இலங்கையில் மூன்று டிரோசெரா இனங்கள் உண்டு, பர்மனி, இண்டிகா, பெல்டாட்டா. இதில் பெல்டாட்டா மேட்டுநிலப் பத்தனைப் புல்வெளிகளில் வரும், மழைக்காலத்தில் நெட்டையாக நின்று பிறை மாதிரி இலைகளில் பசைத்துளி மின்ன நிற்கும், வரட்சி வந்ததும் மேல்பகுதி காய்ந்து, மண்ணுக்குள் ஒரு சின்னக் கிழங்காக ஒடுங்கிவிடும். அதைத் தூங்க வைப்பது குளிர் அல்ல, வரட்சி. ஆனாலும் கீழே மாவை வைத்துக்கொண்டு மேலே எல்லாவற்றையும் விட்டுவிடுகிற அதே வழிதான், பத்தனையில் தீ வைத்தாலும் கிழங்கு தப்பிவிடும். கரோலினாவின் பைன் புல்வெளிகளிலும் அடிக்கடி தீ பரவும், ஃபிளைட்ராப்பும் அப்படித்தான் கிழங்கிலிருந்து எழும்பும். ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் குனிந்து தேடிப் பாருங்கள், பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள், தேசியப் பூங்காவிலிருந்து ஒரு செடியைப் பிடுங்குவதும் குற்றம், பிடுங்கினாலும் வீட்டில் பிழைக்காது.

எழுப்புவதைப் பற்றி. வெளியில் இருப்பவை பெப்ரவரிக் கடைசியில், பகல் சூடு ஏறியதும் தானாக எழும்பும், வாளி கவிழ்ப்பதை நிறுத்திவிட்டு வெயிலுக்கு நகர்த்தினால் போதும். பிரிட்ஜிலிருந்து எடுப்பவற்றை உரம் சேர்க்காத பீட்டும் பேர்லைட்டும் கலந்த புது மண்ணில் நட்டு, ஒரு வாரம் நிழலில் வைத்து, அப்புறம் காலை வெயில், அப்புறம் முழு வெயில் என்று பழக்க வேண்டும். மூன்று மாதம் இருட்டில் கிடந்ததை எடுத்த அன்றே மார்ச் வெயிலில் வைத்தால் குருத்து வெந்துவிடும். இரண்டு மூன்று வாரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், தோண்டித் தோண்டிப் பார்க்காதீர்கள்.

முதலில் வருவது இலையா பூத்தண்டா என்று கவனியுங்கள். இலை தட்டையாக வந்து நுனியில் சுருண்ட பொறியோடு இருக்கும், பூத்தண்டு உருண்டையாக, நுனியில் பச்சை மொட்டோடு நேராக எழும்பும். நன்றாகத் தூங்கி எழுந்த பெரிய செடி என்றால் பூக்க விடலாம், வெள்ளைப் பூ, அழகாகவே இருக்கும். இது முதல் வருஷம், கிழங்கு சின்னது என்றால் தண்டு இரண்டு அங்குலம் வளர்ந்ததும் வெட்டிவிடுங்கள், பூவும் வித்தும் நிறைய மாவைக் கேட்கும். வெட்டிய தண்டை எறிய வேண்டாம். அதை ஈரப் பீட்டில் பாதிவரை செருகி, பொலித்தீன் மூடி நிழலில் வைத்தால் பல நேரம் ஒன்றிரண்டு மாதத்தில் அடியிலிருந்து குட்டி ஃபிளைட்ராப் ஒன்று முளைக்கும்.